கைமாறி வந்த புகார்

கலைமதிக்கு விராலிமலைப் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. திருக்கோகர்ணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவாள். ஆபீஸில் அவளை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. மெஷினில் நிற்கும் பெண்களுக்கு மட்டும் அவள்மேல் தனி மரியாதை. அவர்கள் போன்களில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

அதில் யாரும் புகார் எழுதலாம். அது ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மற்றொன்றுக்கு என்று தானாகக் கைமாறி, கடைசியில் யாருடைய போனிலிருந்தோ தொழிலாளர் அலுவலகத்துக்கு மெயிலாகப் போகும். தனக்கு அதை அனுப்பிய போன் எது என்பது மட்டும்தான் ஒவ்வொரு போனுக்கும் தெரியும். அந்தப் போன்காரர் எழுதியவரா, வெறுமனே கடத்திவிட்டவரா என்பது தெரியாது.

"யாரு எழுதுனதுன்னு எனக்கே தெரியாதுக்கா" என்று அவள் சொன்ன பிறகுதான் மெஷினில் நிற்கும் முனியாயி தன் போனை நீட்டினாள்.

ஆடி மாதம் ஒரு புகார் போனது. பாத்ரூம் போகும் பெண்களுக்குச் சூப்பர்வைசர் வாசலில் நின்று நிமிஷம் எண்ணுகிறார் என்று. அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். அந்தத் தடவை கடைசிப் போன் கலைமதியுடையது. மேனேஜர் கூப்பிட்டார்.

"உங்க மெயில்லேருந்துதான் போயிருக்கு. அப்ப நீங்க எழுதுனதுதானே?"

"இல்ல சார். எனக்கு வந்துச்சு, அப்படியே போயிருச்சு."

"யாருகிட்டேருந்து வந்துச்சு?"

'சொல்ல முடியாது சார்' என்றிருக்கலாம். பெண்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்த பதில் அது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நாக்கு புரண்டுவிட்டது.

"முனியாயி அக்கா போன்லேருந்து. ஆனா அவங்கதான் எழுதுனாங்கன்னு..."

முடிக்க அவர் விடவில்லை. பெயரைக் குறித்துக்கொண்டார். முனியாயியை அன்றே நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் கேன்டீனில் பேக்கிங் பிரிவு ரம்யா எதிரில் வந்து நின்றாள். "எழுதுனது நாங்க. அந்தக்கா என்ன பண்ணுச்சு?"

கலைமதி சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டு எழுந்தாள். ரம்யா பெயரைச் சொல்லாமல், கடத்திய போனை வைத்து எழுதியவரைச் சொல்ல முடியாது என்று மேனேஜரிடம் எழுதியே கொடுத்தாள்.

"இத நேத்தே சொல்லியிருக்கலாமே?" என்றார் அவர். அதோடு சரி, முனியாயியைத் திரும்பக் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முனியாயி வீட்டுக்குப் போனாள். முனியாயி துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"நான்தான்க்கா ஒங்க பேரச் சொன்னேன்."

முனியாயி சேலையைப் பிழிந்து உதறினாள். "அப்புடி ஒண்ணு என் போனு வழியா போனதே எனக்குத் தெரியாது தாயி."

திட்டியிருந்தால் தேவலை. "வெயில்ல நிக்காத, அங்கிட்டு நிழலுக்குப் போ" என்று வேறு சொன்னாள். கலைமதியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பெண்கள் ஆப்பை அழித்துவிடுவார்கள் என்று நினைத்தாள். யாரும் அழிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ரம்யாதான் போனோடு வந்தாள்.

"இதுலேருந்து ஒருத்தர மட்டும் எடுக்குறது எப்புடிங்க?"

"யார?"

ரம்யா தரையைப் பார்த்தாள். கலைமதி அந்தப் போனை வாங்கி, ஆப்பில் இருந்த பெயர்களுக்குள் தன் பெயரைத் தேடி, எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் எல்லாப் போன்களிலும் அவள் பெயர் இல்லை.

முனியாயி இப்போது மெயின்ரோட்டு ஹோட்டல் ஒன்றில் இலை எடுக்கிறாள். பஸ் அந்த இடத்தைத் தாண்டும்வரை கலைமதி தலையைக் குனிந்துகொள்கிறாள்.