டேவிட் அங்கிளின் ரோஜா என்ன கலர்?

ஒரே ஒரு ரோஜாவை போட்டோ எடுத்துவிட்டு ஐந்து நாள் கழித்து இன்று குழம்பிப் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

முழுதாகப் படித்துவிட்டு யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே ஹவுஸ் ஓனர் டேவிட் அங்கிளும் அவர் மனைவி ஸ்டெல்லா ஆன்ட்டியும் இருக்கிறார்கள். அங்கிள் கேஜிஎஃப் மைன்ஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்.

நான் டிஜிட்டல் கேமரா வாங்கியதிலிருந்து அவர்கள் தோட்டத்தில் என்னிடம் மாட்டாத பூ இல்லை. எடுப்பேன், கம்ப்யூட்டரில் போட்டு கலரை ஏற்றுவேன், உங்கள் தலையில் கட்டுவேன்.

(போன மாதம் போட்ட ஊதா செம்பருத்திக்கு நிறைய பேர் ஆஹா ஓஹோ என்று எழுதியிருந்தீர்கள். அது நிஜத்தில் சிவப்பு. மன்னிக்கவும்.)

சனிக்கிழமை காலை அங்கிள் கண்ணாடி டம்ளரில் ஒரு ரோஜாவை வைத்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

"தம்பி, இத ஒரு போட்டோ எடுத்துக் குடு. கலர் மட்டும் கரெக்டா இருக்கணும். திங்கக்கிழமைக்குள்ள முடிச்சிடணும்."

திங்கட்கிழமை அவருக்கு இடது கண்ணில் கண்புரை ஆபரேஷன். வலது கண்ணுக்கு ஒரு மாதம் முன்பே ஆகிவிட்டது.

வெள்ளை ரோஜாதானே, இதில் என்ன பெரிய கஷ்டம் என்று ஜன்னல் ஓரம் வைத்து எடுத்தேன். ஸ்கிரீனில் காட்டினேன்.

"இது இல்லப்பா. மஞ்சள் கம்மியா இருக்கு."

டம்ளரைப் பார்த்தேன். வெள்ளை. ஸ்கிரீனைப் பார்த்தேன். அதுவும் வெள்ளை.

"அங்கிள், இது வெள்ளை ரோஜாதானே?"

"நீ போடு தம்பி. ஸ்வல்ப மஞ்சள் போடு."

(ஸ்வல்ப என்றால் கன்னடத்தில் கொஞ்சம். அது எவ்வளவு என்று பெங்களூரில் இதுவரை யாரும் அளந்து பார்த்ததில்லை.)

மஞ்சளை ஏற்றினேன்.

"இன்னும் ஸ்வல்ப."

ஏற்றினேன்.

"இப்ப ஓவராப் போச்சு. வெண்ணெய் மாதிரி இருக்கணும், மாம்பழம் மாதிரி வேணாம்."

ஒரு மணி நேரம் இப்படியே போனது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஏற்கெனவே காட்டியதையே மறுபடி திறந்து, புதிதாகச் செய்தது போலக் காட்டினேன்.

"இது மூணாவதா காட்டுனதுதானே? மைன்ஸ்ல லாம்ப் வெளிச்சத்துல கல்லப் பாத்தே எதுல தங்கம் இருக்குன்னு சொன்னவன் நான். என்கிட்டயேவா?"

அசடு வழிந்தேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பூவைப் பார்க்கும்போது அங்கிள் வலது கண்ணைக் கையால் மூடிக்கொள்கிறார். ஸ்கிரீனைப் பார்க்கும்போது இடது கண்ணை மூடிக்கொள்கிறார். ஒவ்வொரு முறையும் அப்படியே.

"ஏன் அங்கிள் மாத்தி மாத்தி மூடறீங்க?"

கீழே ஆன்ட்டிக்குக் கேட்கக் கூடாது என்பது போலக் குரலை இறக்கினார்.

"ஆபரேஷன் ஆன கண்ணுல இந்தப் பூ வெள்ளையாத் தெரியுது தம்பி. பழைய கண்ணுல இன்னும் மஞ்சளாத்தான் தெரியுது. இது மஞ்சள் ரோஜான்னு ஸ்டெல்லாகிட்ட எத்தன வருஷமா சண்ட போட்டிருக்கேன் தெரியுமா? வேணும்னே பிடிவாதம் புடிக்கிறேன்னு நெனச்சிட்டிருக்கா. திங்கக்கிழமை இந்தக் கண்ணும் போயிட்டா, நான் எதப் பாத்தேன்னு காட்ட வழியே இல்ல. நான் பொய் சொல்லலன்னு அவளுக்குத் தெரியணும்."

அதாவது பழைய கண்ணால் பூவைப் பார்த்து, புதுக் கண்ணால் ஸ்கிரீனைப் பார்த்து, இரண்டும் ஒன்றாகும் வரை என்னை ஓட்டியிருக்கிறார். இரண்டு கலரும் ஒன்றாகிவிட்டால் ஆன்ட்டியும் அதையே பார்ப்பார் என்பது கணக்கு.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒழுங்காக வேலை பார்த்தேன். பூவின் நிழல், இதழின் ஓரம், உள்மடிப்பு என்று தனித்தனியாக மஞ்சள் ஏற்றினேன். மத்தியானம் வாக்கில் அங்கிள் நாற்காலியில் சாய்ந்தார்.

"இதான். இதேதான்."

ஆன்ட்டியைக் கூப்பிட்டோம். மாவுக் கையோடு வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"இப்படியா தெரிஞ்சிது உங்களுக்கு?"

"ஆமா."

"இத்தன வருஷமும்?"

"ஆமான்றேன்ல."

ஆன்ட்டி டம்ளரிலிருந்த பூவை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிப் போனார். நான் எடுத்த பூப் படங்களிலேயே உருப்படியானது இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

இன்று காலை இருவரும் மாடிக்கு வந்தார்கள். படத்தை பிரின்ட் போட்டு ஹாலில் மாட்ட வேண்டுமாம். திறந்து காட்டினேன்.

அங்கிள் வலது கண்ணை மூடிப் பார்த்தார். இடது கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம் இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, இவ்ளோ மஞ்சளா பண்ணி வெச்சிருக்க? நான் இப்படிப் பாத்திருக்கவே மாட்டேன். பாதியாக் கொற."

எனக்குத் தலை சுற்றியது. சனிக்கிழமை 'இதேதான்' என்று சொன்னவர் இவர். ஆனால் அதைச் சரிபார்த்த கண் இப்போது இல்லை. அந்தக் கலரை உலகத்தில் பார்த்தவர் அவர் ஒருவர்தான், அவரே இல்லை என்கிறார். நான் யாரிடம் போய்க் கேட்பது?

சரி, ஓனர் சொல்கிறாரே என்று மவுஸைத் தொட்டேன்.

ஆன்ட்டி என் கையைப் பிடித்துவிட்டார்.

"அதுல கை வெக்காதப்பா. அந்தக் கலர்தான்."

அங்கிள் திரும்பினார்.

"உனக்கெப்படித் தெரியும்? நீதானே வெள்ள வெள்ளன்னு சொல்லிட்டிருந்த?"

"பூ வெள்ளதான். நீங்க பாத்தது இது. அத்தன வருஷம் நீங்க சொன்னப்போ நான் நம்பல. இப்ப நம்பிட்டேன். இனிமே நீங்க மாத்திச் சொன்னாலும் நான் கேக்க மாட்டேன்."

இருவரும் கீழே போய்விட்டார்கள். இவ்வளவு மஞ்சள் இல்லை என்று அங்கிளும் இதே மஞ்சள்தான் என்று ஆன்ட்டியும் இன்னும் பேசிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கிறது.

சாயங்காலம் பிரின்ட்டுக்குக் கொடுக்க வேண்டும். பாதியாகக் குறைக்கவா, அப்படியே விடவா?