நாகையாவைக் கோத்தா கினாபாலுவுக்கு அனுப்பியவர்கள்

அந்த உறையைக் கையில் வாங்கியபோதே நாகையாவுக்குப் பிடிக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் பதினாறு மாடிக் கொண்டோ குடியிருப்பு ஒன்றின் வாசலில் பத்தொன்பது வருடமாகக் காவல் நிற்கும் ஜாகா அவர். வருகிற காரை நிறுத்தி, அடையாள அட்டையை வாங்கி, முகத்தையும் அட்டையையும் இரண்டு முறை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறப்பார். ஏர்கோன் பழுது பார்க்க வந்ததாக ஏணியோடு நின்ற ஒருவனை, அவன் காலணி புத்தம் புதியதாக இருக்கிறதே என்று யோசித்துப் போலீசில் பிடித்துக் கொடுத்திருக்கிறார். பட்டியலில் பெயர் இல்லை என்று குடியிருப்போர் சங்கத் தலைவரின் மாமியாரையே அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தியதும் அவர்தான்.

அந்தத் தலைவர் கமலநாதன்தான் இப்போது சிரித்துக்கொண்டே உறையை நீட்டினார். உள்ளே கோத்தா கினாபாலுவுக்கு இரண்டு விமான டிக்கெட்டுகள். நான்கு நாள். கடலோர ஹோட்டல், வேன், வழிகாட்டி, எல்லாம் ஏற்பாடாகியிருந்தது.

"உங்களுக்கும் அக்காவுக்கும்ண்ணே. கமிட்டியில எல்லாரும் சேந்து எடுத்தோம். கடல், மலை, தீவு எல்லாம் பாத்துட்டு வாங்க."

"இப்ப எதுக்கு சார்?"

"எதுக்குன்னா? இத்தன வருஷம் எங்கள பாத்துக்கிட்டீங்கள்ல லா."

நாகையா உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சிரிக்கவில்லை. தீபாவளிக்கு ஒரு முறுக்கு டின் தரவே மறந்துபோகிறவர்கள் விமானத்தில் ஏற்றி அனுப்புகிறார்கள் என்றால் ஏதோ இருக்கிறது. அவருடைய முதல் சந்தேகம் பாலன் மேல் விழுந்தது. இரவு வேலை பார்க்கும் பாலனுக்குப் பகல் வேலைக்கு மாற ஆசை. கொஞ்ச நாளாக அளவுக்கு மீறி மரியாதை காட்டிக்கொண்டிருந்தான். நாம் இல்லாத நான்கு நாளில் நம் நாற்காலியில் அவன் உட்கார்ந்துவிடுவான் என்று நாகையா முடிவு கட்டினார்.

செந்தூல் வீட்டுக்கு வந்து மனைவி இராஜம்மாவிடம் உறையைக் காட்டினார். அவள் டிக்கெட்டில் தேதியைப் பார்த்தாள். எழுந்துபோய்ப் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள். ஏன் தருகிறார்கள், எதற்குத் தருகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரையே சந்தேகப்படுகிற மனிதர் அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

கோத்தா கினாபாலு விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி அவருடைய அடையாள அட்டையை வாங்கி, முகத்தையும் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். உள்நாட்டிலிருந்தே வந்தாலும், சபா மாநிலத்துக்குள் வருகிறவர்கள் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். ஆனாலும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பது நாகையாவுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

வெளியே ஜஸ்டின் என்ற கடசான் இன இளைஞன் வேனோடு காத்திருந்தான். நாகையா வேன் எண்ணைக் குறித்துக்கொண்டு, மலாயில் அவனுடைய லைசென்ஸைக் கேட்டார். அவன் சிரித்தபடி எடுத்துக் காட்டினான். அந்தச் சிரிப்பையும் அவர் மனதில் குறித்து வைத்தார்.

மறுநாள் காலை, காட்டுக்குள் இருந்த ஒரு கலாச்சாரக் கிராமத்துக்குக் கூட்டிப்போனான். மூங்கில் தரை போட்ட நீள வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் இனத்தாரின் சமையல், பாய், பறை. அரிசியில் வடித்த மதுவை மூங்கில் குவளையில் தந்தார்கள். நாகையா முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இராஜம்மா வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு இரண்டு பேர் மூங்கில் கழிகளைத் தரையில் தட்டித் தட்டிச் சேர்க்க, நடுவில் கால் மாட்டாமல் குதித்து ஆடும் ஆட்டத்துக்கு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானாகவே போய் நின்றாள். ஐம்பத்தொன்பது வயதில் அவள் குதிப்பதை அவர் வாயடைத்துப் பார்த்தார். ஒரு தடவைகூட அவள் கால் மாட்டவில்லை.

அதற்கு நடுவிலும் கொண்டோ வாசல் கார்ட் ரூமுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. பாலனின் கைப்பேசிக்குப் போட்டார். அவனும் எடுக்கவில்லை.

"லீவுல வந்தும் அங்கயேவா போன் போட்டுக்கிட்டு இருப்பீங்க?" என்றாள் இராஜம்மா.

"பாலன் எடுக்க மாட்டேங்குறான். அங்க என்னமோ நடக்குது."

"அவன் குளிக்கப் போயிருப்பான்."

மூன்றாம் நாள் விடிவதற்கு முன்பே குண்டாசாங் என்ற மலையூருக்குக் கிளம்பினார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடும், அதற்குள் போனால்தான் மலையை முழுசாகப் பார்க்கலாம் என்று ஜஸ்டின் சொல்லியிருந்தான். போய்ச் சேர்ந்தபோது வெயில் லேசாக ஏறியிருந்தது. முட்டைக்கோசுத் தோட்டங்களுக்கு அப்பால் கினாபாலு மலை நின்றது. உச்சியில் மரமில்லை, மண்ணில்லை. சாம்பல் நிறப் பாறை மட்டும், பல்வரிசை மாதிரி வானத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. நாகையாவே கொஞ்ச நேரம் எதையும் யோசிக்காமல் நின்றுவிட்டார்.

அப்போது போன் அடித்தது. ஹைதர். கொண்டோவுக்குத் தினமும் சாப்பாடு டெலிவரி கொண்டுவரும் பையன்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? கேட்ல யாருமே இல்ல. ஒரு மெஷின் நிக்குது, கோட் கேக்குது. என்னா கோட்ண்ணே? ரொட்டி சானாய் ஆறிப்போவுது."

"பாலன் எங்க?"

"அவரு முந்தாநாளே பெட்டியக் கட்டிட்டாராம். வேற எடத்துக்கு மாத்திட்டாங்களாம். ஒங்களுக்குத் தெரியாதாண்ணே? இனிமே ஜாகாவே கெடையாதாம்."

நாகையா போனை அணைத்தார். கடைசியில் தன் கணக்கு சரியாகிவிட்டது என்ற ஒரு திருப்திதான் முதலில் வந்தது.

"நான் சொன்னேன்ல? நம்மள இங்க அனுப்பிட்டு அங்க வேலைய முடிச்சிட்டானுங்க. மெஷின் வச்சிட்டானுங்க."

இராஜம்மா மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை. கார் கண்ணாடி வழியாகப் பத்தொன்பது வருடம் முகங்களைப் படித்தவருக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஒரு மாசமா. நீங்க டூட்டியில இருக்கும்போது கமலநாதன் சார் வீட்டுக்கு வந்தாரு. வேலய விட்டு எடுக்குற கடுதாசி தயாரா இருக்கு, அண்ணன்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியலன்னு கண்ணு கலங்குனாரு. அவங்களா ஏதாச்சும் செய்யணும்னு இந்த டிக்கெட்டப் பத்தியும் சொன்னாரு. நாந்தான், கடுதாசிய இப்பக் குடுக்காதீங்க, போயிட்டு வந்தப்பறம் குடுங்கன்னு சொன்னேன். மெஷின் அடுத்த வாரம்தான் வரும்னாங்க. முன்னாடியே வந்துருச்சிபோல."

"நீயா நிறுத்துன?"

"கடுதாசி கைக்கு வந்திருந்தா நீங்க வந்திருப்பீங்களா? ஆபிஸ் ஆபிஸா ஏறி எறங்கிக்கிட்டு இருந்திருப்பீங்க. எனக்கு வரணும்னு இருந்துச்சி. அவ்ளோதான்."

அவர் கமலநாதனைச் சந்தேகித்தார், பாலனைச் சந்தேகித்தார், வேன் ஓட்ட வந்தவனைக்கூட விடவில்லை. முப்பத்தைந்து வருடமாகப் பக்கத்திலேயே படுத்தவள் மேல் ஒரு நாளும் கண் போகவில்லை. மலையின் இடுப்பில் மேகம் ஏறத் தொடங்கியது. ஜஸ்டின் படம் எடுக்கக் கூப்பிட்டான். இருவரும் போய் நின்றார்கள், நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடைவெளி விட்டு.

கடைசி நாள் படகில் ஒரு தீவுக்குப் போனார்கள். வெள்ளை மணல், அடிவரை தெரியும் தண்ணீர். இராஜம்மா இடுப்பளவு கடலில் இறங்கி நின்றாள், திரும்பிக் கரையைப் பார்க்கவே இல்லை. நாகையா நிழலில் பைகளோடு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த ஒரு சீனக் குடும்பம், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அங்கிள் என்று தங்கள் பையை விட்டுப் போனது. மதியத்துக்குள் அவரைச் சுற்றி நான்கு குடும்பங்களின் பைகள் சேர்ந்திருந்தன. அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் கமலநாதனைப் போய்ப் பார்த்தார். சத்தம் போடத்தான் போனார். ஆனால் கதவைத் திறந்த மனிதர் தலை நிமிராமல், "பார்சல் ரூம்ல ஒரு எடம் கேட்டு வச்சிருக்கேன்ண்ணே. நீங்க வரணும்" என்றபோது சத்தம் வரவில்லை.

"வர்றவன் போறவன் மூஞ்சிய பாத்துப் பழகிட்டேன் சார். பார்சலுக்கு ஏது மூஞ்சி?" என்று சொல்லிவிட்டுக் கடுதாசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஹைதர் மூலமாகத்தான் அடுத்த வேலை கிடைத்தது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் அவனுடைய மாமா மூசாவுக்குத் துணிக்கடை இருந்தது. வாசலில் நிற்க ஆள் தேவைப்பட்டது. முதல் நாளே மூசா சொன்னார்: "அண்ணே, உள்ள வர்றவங்களப் பாத்துக் கொஞ்சம் சிரிக்கணும். பயந்து திரும்பிப் போறாங்க." நாகையா முயற்சி செய்துகொண்டிருக்கிறார்.

வீட்டில் பத்து நாள் பேச்சு இல்லை. பிறகு உப்பு, புளி, கரண்ட் பில் என்று மெல்லத் திரும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"எனக்குத் தெரியாதது வேற ஏதாச்சும் இருக்கா?"

இராஜம்மா நிஜமாகவே கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஒண்ணு ரெண்டு இருக்கு லா," என்று சொல்லிவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்கப் போய்விட்டாள்.

அவர் அவள் பின்னால் போகவில்லை. தேத்தண்ணீரை முழுசாகக் குடித்து முடித்தார்.