ரிவர்ஸ் அக்கா

கடலோரக் கரும்பாறைகளின் மேல் அக்கா பின்னோக்கி நடந்துகொண்டிருக்கிறார். முகம், சுற்றிப் பார்க்க வந்த பயணிகள் கூட்டத்தைப் பார்த்திருக்கிறது. முதுகு போகிற திசையில். "தைரியமா மிதிங்க, பாறை ஒண்ணும் கோச்சுக்காது. ஒரு காலத்துல இது நெருப்புக் குழம்பா எரிமலை வாயில இருந்து வழிஞ்சது. கடல்ல விழுந்ததும் சுரீர்னு உறைஞ்சு, தலையணை தலையணையா உருண்டுபோச்சு" என்று சொல்லியபடியே, குதிகாலால் பின்னாலிருக்கும் கல்லைத் தடவி ஏறிவிடுகிறார்.

துறைமுகத்தில் அவருக்கு ரிவர்ஸ் அக்கா என்று பெயர். கேட்டால் முகத்தைச் சுளிப்பார். ஆனால் வெறும் அக்கா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். வீட்டிலும் இதே நடைதான். கணவர் அடுப்படியில் நின்று சமைக்க, உப்பு போதாது, தீ அதிகம் என்று குறை சொல்லிக்கொண்டே பின்வாக்கில் வெளியேறுவார்.

நடையில் யாராவது கொட்டாவி விட்டால் போதும், துளைத்துளையாக இருக்கும் ஒரு கல்லை எடுத்து நீட்டுவார். "குழம்புக்குள்ள மாட்டின காத்து போட்ட ஓட்டை இது. மோந்து பாருங்க, அந்தக் காலத்து வாசனை இன்னும் இருக்கும்." பாதிப் பேர் நிஜமாகவே முகர்ந்து பார்த்துவிட்டு அசடு வழிவார்கள். அக்காவுக்கு அதில் அலுப்பே கிடையாது. சரக்கில்லாத கப்பல் தள்ளாடாமல் இருக்க இந்தக் கல்லைத்தான் அடியில் கொட்டிக்கொண்டு போனார்களாம். "எந்தெந்த ஊர்த் துறைமுகத்துலயோ நம்ம கல்லு கிடக்கு" என்பார், பெற்ற பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பியவர் போல.

வழி கால்களுக்கு மனப்பாடம் என்பது அவருடைய பெருமை. போன புயலில் கடல் ஒரு படிக்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனது கால்களுக்குத் தெரியவில்லை. பத்துப் பேர் பார்க்க விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வீடு திரும்பினார். கட்டுப் பிரித்த மறுநாளே துறைமுக அதிகாரி கூப்பிட்டு விட்டார். "இனிமே எல்லாரையும் போல முன்னால பாத்து நடங்க. இல்லேன்னா வழிகாட்டி அனுமதி ரத்து."

ஒரு நாள் அப்படியும் நடந்து பார்த்தார். பேச்சு வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ஆளுக்கொரு மூலையில் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். "என் முதுகைப் பாத்து எவன் கதை கேப்பான்?" என்று வீட்டில் வந்து உட்கார்ந்தவருக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நடை இல்லாமல் அவருக்கு நாள் விடியாது.

கணவர் ஓய்வுபெற்ற துறைமுக பைலட். வெளியிலிருந்து வரும் கப்பல்களில் ஏறி, பாறையில் இடிக்காமல் உள்ளே கொண்டுவந்து நிறுத்தியவர். "கப்பலையே பின்னால நகர்த்திக் கட்டியிருக்கேன். நீ நட, நான் பின்னால நின்னு வழி சொல்றேன்" என்றார்.

"நான் என்ன கப்பலா?"

"கனத்துல ஒண்ணும் கொறைச்சல் இல்ல."

அன்றைய சமையலில் வழக்கத்தைவிட இரண்டு குறை கூடுதலாகச் சொல்லிவிட்டு, அக்கா சம்மதித்தார். அதிகாரியோ, "நானே வந்து பாக்கறேன். கல்லு போன இடத்துல தடுமாறினா அத்தோட சரி" என்றுவிட்டார்.

இன்றுதான் அந்த நாள். "இடது… இன்னும் கொஞ்சம்… நேர்" என்று பைலட்டின் குரல் பின்னாலிருந்து வருகிறது. அக்கா அதைக் காதில் வாங்கிக்கொண்டே, இதே பாறையில் மோதி மூழ்கிய கப்பலின் கதைக்கு வந்துவிட்டார். கதையின் உச்சம் எப்போதும், இப்போது கல் பெயர்ந்து கிடக்கும் அந்தப் பள்ளத்தருகேதான் வரும். அதிகாரி முன்கூட்டியே பள்ளத்தின் ஓரம் போய், தாங்கிப் பிடிக்க இரு கைகளையும் நீட்டி நின்றுகொண்டார்.

"ஏன் மூழ்குச்சு? பைலட் தூங்கிட்டான், நேரத்துக்கு வரல!"

"யாரு சொன்னா?" பைலட்டுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவர் இந்தக் கதையைக் கேட்டதே இல்லை. வழி சொல்வதை மறந்து கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார். "பைலட் படகுல வந்துட்டுத்தாங்க இருந்தான். கேப்டன்தான் காத்திருக்கல. வழி எனக்கு மனப்பாடம்னு உள்ள விட்டான்!"

தூக்கிய குதிகாலோடு அக்கா அப்படியே நின்றார். அந்த வார்த்தை சரியாகப் போய்த் தைத்தது.

"ஐயா சொல்றதுதான் சரி. கேப்டன் மேலதான் தப்பு" என்றார் கூட்டத்திடம். அப்புறம் குரலைச் சற்று உயர்த்தினார். "கப்பல் காத்துக்கிட்டிருக்கு, பைலட்டு!"

பைலட் நாக்கைக் கடித்துக்கொண்டார். "இடது. பெரிய அடி."

அதிகாரி நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டு வழிவிட்டு ஒதுங்கினார். அக்கா திரும்பிப் பார்க்காமலே காலைப் பின்னால் வைத்தார்.