அப்பா களையெடுத்த பூங்கா

பெங்களூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது காலை பதினொரு மணி. மாத்திரை மறதியைக் கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது என்று டாக்டர் சொன்னதைத் தம்பி எனக்குத் தமிழில் சொன்னான். பக்கத்தில் நின்ற அப்பா, வேறு யாருடைய வியாதியையோ கேட்பவர்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா ஆமத்தூரில் கரிசல் காட்டை வைத்துப் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டவர். அம்மா போன பிறகு நான்தான் அவரோடு இருக்கிறேன். என் கணவர் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் வீடு தங்க மாட்டார். நான் திருத்தங்கலில் ஒரு அச்சகத்துக்கு வேலைக்குப் போகிறேன். காலண்டர் சீசனில் மூன்று நாள் லீவு கேட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டே அவர்கள் கொடுத்த லீவில் அப்பாவைக் கூட்டிவந்திருந்தேன்.

ரயில் சாயங்காலம்தான். தம்பிக்குக் கம்பெனியில் மீட்டிங் இருந்தது. எங்களை அந்த ஊரின் பழைய பெரிய பூங்காவில் இறக்கிவிட்டு, மூன்று மணிக்கு வந்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகிறேன் என்று போய்விட்டான்.

சுல்தான் காலத்தில் போட்ட தோட்டமாம். உள்ளே கண்ணாடி மாளிகை, ஏரி, பாறைக்குன்று எல்லாம் இருந்தன. அப்பாவுக்குப் பார்க்க வேண்டியிருந்தது மரங்களைத்தான். ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். “நம்ம காடு பூராவும் இந்த ஒத்த மரத்து நெழலுக்குள்ள அடங்கிரும் போலிருக்கே தாயி” என்றார். அவர் என்னைத் தாயி என்று கூப்பிட்டுப் பல நாள் ஆகியிருந்தது. டாக்டர் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும் என்றே எனக்குத் தோன்றியது.

அந்தத் தைரியத்தில்தான் அவரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். திரும்பி வந்தபோது பெஞ்சில் ஒரு காதல் ஜோடி உட்கார்ந்திருந்தது.

ஏரிக்கரைக்கு ஓடினேன். முதலில் தண்ணீரைத்தான் பார்த்தேன். பிறகு கண்ணாடி மாளிகை, குன்று, மறுபடியும் ஏரி. வாட்ச்மேனிடம் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். தம்பி கல்யாணத்தில் எடுத்தது. பட்டு வேட்டியும் சாயம் பூசிய மீசையுமாக அப்பா நிமிர்ந்து நிற்பார். இப்போதிருக்கும் அப்பாவின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாட்ச்மேன் கன்னடத்தில் ஏதோ கேட்டார். எனக்குத் தமிழில் அழத்தான் தெரிந்தது. தம்பிக்கு ஆறு முறை போன் அடித்தேன். அவன் எடுக்கவில்லை.

வாட்ச்மேன் என்னோடு கூடவே வந்தார். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, பூப்பாத்திகள் இருந்த பக்கம் கூட்டம் நிற்பதைப் பார்த்துப் போனோம். நடுவில் அப்பா, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, குத்தவைத்துக் களையெடுத்துக்கொண்டிருந்தார். கை சும்மா விறுவிறுவென்று போனது. முந்தின நாள் நட்ட பூநாற்று முழுவதும் வேரோடு வரப்பில் கிடந்தது. தோட்டத்து மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

நான் “அப்பா” என்று தோளைத் தொட்டேன். அவர் விலகி உட்கார்ந்தார். வாட்ச்மேன் அவரிடம் என்னைக் காட்டி, அரைகுறைத் தமிழில், உங்கள் மகளா என்று கேட்டார்.

அப்பா என்னை நன்றாகப் பார்த்தார். “யாருன்னு தெரியலையேய்யா. இந்தப் பொம்பள காலையிலருந்து என் பின்னாலயே வருது” என்றார்.

சுற்றி நின்றவர்களின் பார்வை மாறியது. வாட்ச்மேன் என்னிடம் ஆதார் கேட்டார். கொடுத்தேன். அதில் என் கணவரின் பெயர்தான் இருந்தது. அப்பாவின் அட்டை ஆஸ்பத்திரி ஃபைலோடு தம்பியிடம் போய்விட்டது. அவருக்கு நான் மகள் என்று காட்ட என் கையில் ஒன்றுமே இல்லை. கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தேன். அவர் திமிறிக்கொண்டு கத்தினார். ஒருவன் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தான்.

அங்கே வேலை செய்த பெண்களில் ஒரு அம்மாள் தருமபுரிப் பக்கத்துக்காரர். அவர் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை என்று மெதுவாகக் கேட்டார். ஒரு மகன், ஒரு மகள் என்றார் அப்பா. மகள் எங்கே என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

“சின்னப்புள்ள. பள்ளிக்கொடம் போயிருக்கா. சாயங்காலம் நான் போய்த்தான் கூட்டியாரணும்.”

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை. மேஸ்திரியிடம் தன் தலையைத் தொட்டுக் காட்டிக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். மேஸ்திரி கூட்டத்தைக் கலைத்துவிட்டார். ஆனாலும் அப்பா என்னோடு வரச் சம்மதிக்கவில்லை. ஐந்து அடி தள்ளி, வெயிலில், நான் அப்படியே நின்றேன்.

இரண்டு மணிக்கு மேல் தம்பி கூப்பிட்டான். நடந்ததைச் சொல்லிவிட்டுப் போனை அப்பாவின் காதில் வைத்தேன். குரலைக் கேட்டதுமே, “சொல்லுய்யா” என்று எழுந்துகொண்டார். அவன் இரண்டு வார்த்தைதான் சொல்லியிருப்பான். குழாயில் கை கழுவிவிட்டு, சமத்தாகப் பூங்கா வாசலுக்கு நடந்தார். வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வருகிறவனின் குரல் அவருக்குத் தெரிகிறது. தினமும் சோறு பிசைந்து ஊட்டுகிறவள் நான். அவன்மேல் கோபப்படக்கூட நியாயம் இல்லை. ஆனாலும் பட்டேன்.

அவன் வந்து எங்களை ரயிலேற்றிவிட்டான். ஓசூர் தாண்டியதும் அப்பா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

“நீங்க சாப்பிட்டீகளா?”

பிறந்ததிலிருந்து என்னை அவர் நீங்க என்று சொன்னதில்லை. இன்னும் இல்லை என்றேன். எந்த ஊருக்குப் போறீக என்று கேட்டார். ஆமத்தூர் என்றேன்.

“அங்கன யாரு வீட்டுக்கு?”

“உங்க வீட்டுக்குத்தான்.”

“வாங்க. எம்மக இருப்பா, காப்பி போட்டுத் தருவா” என்றார்.

நான் இட்லியைத் தின்றேன். மறுநாள் விருதுநகரில் இறங்கியபோது, பையை ஏன் நீயே தூக்குறே தாயி என்று கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது வாரத்தில் மூன்று நாலு நாள் எனக்கு வாங்க, போங்கதான். அந்த நாட்களில் அவர் கேட்கும்போதெல்லாம், உங்கள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.