ஐந்தடிப் பலகையின் அடிப்பக்கம்

எங்கள் பள்ளிக்கூட நூலக அறையில் ஒரு பலகை நடுவில் தொங்கத் தொடங்கியதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. "டீச்சர், பலகைக்குத் தொப்பை வந்துடுச்சு" என்றாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். பிள்ளைகள் போன பிறகு பலகையின் ஓரத்தில் கன்னத்தை வைத்து மறு ஓரம் வரை கண்ணை ஓட்டிப் பார்த்தேன். ஐந்தடி நீளப் பலகை நடுவில் ஒரு விரல்கடை அளவுக்கு இறங்கியிருந்தது. அதன் மேல் நீல அட்டையில் பொன்னெழுத்துப் போட்ட கலைக்களஞ்சியத் தொகுதிகள், யாரும் பிரித்துப் பார்க்காதவை, நடுவில் ஒன்றன் மேல் ஒன்று லேசாகச் சாய்ந்து நின்றன. அந்தப் பலகையைப் பற்றி நான் பின்னால் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் கடிதம் இன்னும் அந்தப் பள்ளிக்கூடக் கோப்பில் இருக்கிறது. அதில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. எழுதியது மட்டும் பொய்.

அந்தப் பலகைகளைச் செய்தவன் என் கொழுந்தன், என் கணவரின் தம்பி. அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தான். குயிலாப்பாளையம் பக்கத்து விருந்தினர் விடுதிகளில் அலமாரி, சமையலறைத் தட்டு என்று பல வருடம் வேறொருவரிடம் வேலை செய்துவிட்டு, சொந்தப் பெயரில் தொழில் தொடங்கியிருந்தான். முதல் வேலையை எங்கள் பள்ளிக்கூடத்தில் நான்தான் வாங்கித் தந்தேன். அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். பக்கத்தில் இன்னும் மூன்று பள்ளிக்கூடங்கள் இந்த வேலை எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றிருந்தன. அவனுக்கு அது வெறும் நூலகம் இல்லை, இனிமேல் யார் கீழும் நிற்க வேண்டியதில்லை என்பதற்கான வழி.

எங்கள் பக்கம் இரும்பை யாரும் நம்புவதில்லை. மரக்காணம் உப்பளத்துக்கு நடுவில் வளர்ந்தவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய விஷயம். பள்ளிக்கூட ஜன்னலில் நின்றால் உப்புப் பாத்திதான் தெரியும், அந்த ஜன்னல் கம்பியைக் கையால் தொட்டால் செதில் செதிலாக உதிரும். அலுவலக அறை பீரோ இரண்டு மழைக்காலத்தில் காலை இழந்து, செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. ஆகவே, சென்னையிலிருந்து ஒரு புண்ணியவான் புத்தகங்கள் கொடுத்தபோது எங்கள் தலைமை ஆசிரியர், நாங்கள் பெரிய சார் என்போம், முதல் வார்த்தையாகச் சொன்னது "இரும்பே வேணாம்" என்பதுதான். மரத்தூளை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகை போதும் என்றார். துருப் பிடிக்காது, கரையான் வராது, வழவழவென்று இருக்கும்.

பலகை வந்து இறங்கிய அன்று பெரிய சார் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். மூச்சு வாங்கியது. "எவ்ளோ கனம்! இது எங்கப்பா வளையப் போகுது?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கனமாக இருந்தால் கெட்டி என்றுதான் இங்கே எல்லோரும் நினைப்போம். கதவு வாங்கினாலும் கட்டில் வாங்கினாலும் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சே தொடங்கும்.

"கனம் அதோட சொந்த கனம்ங்க சார்" என்றான் கொழுந்தன். "புஸ்தகம் வெக்கிறதுக்கு முன்னாடி அது தன்னையே தாங்கணும். மரம்னா உள்ள நரம்பு ஓடும். இதுல நரம்பு கெடையாது. மாவைத் தட்டி வெச்ச அடை மாதிரிதான்."

அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னான். ஐந்தடியை ஒரே வீச்சில் விடக் கூடாது, இரண்டடிக்கு ஒரு தாங்கல் வேண்டும். முன் விளிம்பில் நீளத்துக்கு ஒரு மர ரீப்பர், ஒல்லியான கட்டை, ஒட்ட வேண்டும், பின்னால் சுவரோடு சேர்த்து இன்னொன்று. நடுவில் மரத்தடுப்பு வேண்டாம் என்றால் அடியில் துருவுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்த இரும்பு ஆங்கிளாவது வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பெரிய சார் தலையை ஆட்டிவிட்டு, ஒவ்வொன்றாக வெட்டினார். ஆங்கிள் இரும்பு, அது கூடாது. முன்னால் கட்டை ஒட்டினால் அழகு போய்விடும். நடுத்தடுப்பு வைத்தால் தொகுதிகள் இரண்டாகப் பிரிந்துவிடும், கொடுத்தவரோ எல்லாம் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்று போனில் சொல்லியிருக்கிறார்.

கொழுந்தன் என் பக்கம் திரும்பினான். "அண்ணி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் அப்போது தற்காலிக ஆசிரியை. என்னை நிரந்தரமாக்கும் கோப்பு பெரிய சார் மேசையில் இருந்தது. அவர் பரிந்துரைத்தால்தான் மேலே போகும். "சார் சொல்ற மாதிரியே செஞ்சிடு தம்பி. நம்ம வீடா இது?" என்றேன்.

அவன் அளவு நாடாவை எடுத்தான். சொன்னபடி செய்தான், அதில் முடிந்தவரை ஒழுங்காகச் செய்தான். ஓரங்களுக்கு இரண்டு கை வார்னிஷ் அடித்தான், ஈரம் ஏறாமல் இருக்க. பக்கச் சட்டங்களின் வெளியிலிருந்து பலகைகளின் முனைக்குள் ஸ்க்ரூ போட்டு முடுக்கினான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பலகை என்பதால், எது மேல் எது கீழ் என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொன்றின் கீழ்ப்பக்கத்திலும் பென்சிலால் 'அடி' என்று எழுதி வைத்தான். எட்டாவதோடு படிப்பை விட்டவன், கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும்.

ஐப்பசி மழை பிடித்து இரண்டு வாரத்தில்தான் அந்தத் தொப்பை வந்தது. வீட்டில் கொழுந்தனிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தானாகவே வந்தான். இரண்டு ஓரத்திலும் நூலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பாதிப் புத்தகத்தை இறக்கச் சொன்னான், மீதியை இரண்டு ஓரமாகத் தள்ளச் சொன்னான். புத்தகம் கொடுத்தவர் பார்க்க வரப்போவதாகப் பேச்சு இருந்தது. அவர் வந்துவிட்டுப் போகட்டும், பிறகு நடுவில் ஒரு கட்டை முட்டுக் கொடுத்துவிடலாம் என்றான். போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னான்.

"திருப்பி மட்டும் போட்டுடாதீங்க அண்ணி. நெறைய பேரு அப்படிப் பண்ணுவாங்க. ஸ்க்ரூ இதுல ஒரு தரம்தான் புடிக்கும். கழட்டி மறுபடி போட்டா உள்ள மாவுதான் இருக்கும்."

அவன் அதைச் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு அந்த யோசனையே வந்திருக்காது.

அடுத்த வாரம் கொடுத்தவர் வருகிறார் என்று தெரிந்தது. பெரிய சாரிடம் போய்ப் பாதிப் புத்தகத்தை இறக்க வேண்டும் என்று சொல்ல எனக்குப் பயம். கோப்பு அவர் மேசையில் அப்படியே இருந்தது. சனிக்கிழமை மதியம், பள்ளிக்கூடம் விட்ட பிறகு, வாட்ச்மேனைத் துணைக்கு வைத்துக்கொண்டு புத்தகங்களை இறக்கி, ஸ்க்ரூவைக் கழற்றி, பலகையைப் புரட்டிப் போட்டு, அதே ஸ்க்ரூவை மறுபடி முடுக்கினேன். தொங்கின பக்கம் இப்போது மேலே உப்பி நின்றது. புத்தகங்களை அடுக்கியதும் நூல் பிடித்த மாதிரி நேராகிவிட்டது. தச்சன் வேண்டாம் என்ற வழியே பலித்துவிட்டது என்று பெருமைகூடப் பட்டேன். திங்கட்கிழமை பெரிய சார் பார்த்தார். "உங்க கொழுந்தனார் வந்து சரி பண்ணிட்டாரா? வெரி குட்" என்றார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான். கொடுத்தவர் வந்தார், பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார், போனார்.

மார்கழி தொடக்கத்தில் பலகை விழுந்தது. மதிய உணவு முடிந்த நேரம், நான் பக்கத்து அறையில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடினால் தொகுதிகள் தரையெங்கும் கிடந்தன. நடுவில் அந்த ஏழாம் வகுப்புப் பெண் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலது காலில் இரண்டு விரல் முறிந்திருந்தது. அழக்கூட இல்லை. "நான் எதையும் தொடல டீச்சர்" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவளுடைய அப்பா அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். அப்பா கத்தினார். அம்மா கத்தவில்லை, சுவர் ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் கொழுந்தனுக்கு ஆள் போய், அவனும் வந்துவிட்டான். நேராகப் பலகையிடம் போனான். குனிந்து அதை நிமிர்த்தினான். புத்தகம் நின்ற தடம் தூசியில் வரிவரியாகத் தெரிந்தது. அந்தத் தடத்துக்கு நடுவில் அவன் கையெழுத்தில் 'அடி' என்று இருந்தது. மேலே இருக்கக் கூடாத எழுத்து மேலே இருந்தது. ஓட்டைகளை விரலால் தடவினான், விரல் நுனியில் மாவு ஒட்டியது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"என்னய்யா, ரெண்டாவது தரம் வந்து சரி பண்ணிட்டுப் போனீங்களே, இதுதான் லட்சணமா?" என்றார் பெரிய சார்.

சரி பண்ண நான் வரவே இல்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். பலகையைத் திருப்பிக் காட்டியிருக்கலாம். அந்த இடத்தில் வேறு யார் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள், நான் நின்றிருந்தால் நிச்சயமாகச் செய்திருப்பேன். அவன் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "தப்புதான் சார்" என்றான்.

மறுநாள் பெரிய சார் என்னிடம் வெள்ளைத்தாள் கொடுத்தார். நூலகப் பொறுப்பாசிரியை என்ற முறையில் நடந்ததை எழுதித் தரச் சொன்னார், மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். உட்கார்ந்து எழுதினேன். தச்சர் இரண்டு முறை வேலை செய்தும், அவருடைய கவனக்குறைவால் பலகை உரிய பிடிமானம் இன்றிச் சரிந்தது என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லாமல் மறைத்தேன். அந்தச் சமயத்தில் என்னை அச்சுறுத்தியவர் யாரும் இல்லை, பெரிய சார் வெளியே போயிருந்தார், அறையில் நான் மட்டும்தான். இதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றும் என் மேல் அருவருப்பு வருகிறது.

மூன்று பள்ளிக்கூடமும் கைவிரித்தன. கொழுந்தன் அந்தப் பெண்ணைக் கட்டு மாற்ற வாரம் இரண்டு தரம் தன் பைக்கில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் கொண்டுவிட்டான். அவள் சரியாக நடக்க ஆரம்பித்த பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு குயிலாப்பாளையத்துக்கே திரும்பினான், பழைய ஆளிடமே கூலிக்கு. கிளம்பும்போது, "போயிட்டு வர்றேன் டீச்சர்" என்றான். அதுவரை அண்ணி என்றே கூப்பிட்டவன். வீட்டில் எல்லோரும் கிண்டல் செய்கிறான் என்று சிரித்தார்கள். எனக்குக் காது எரிந்தது. அந்தக் கோடையில் என் நிரந்தர ஆணை வந்தது. அப்போது அவனும் ஊரிலிருந்து வந்திருந்தான், ஸ்வீட் பெட்டியை நீட்டினேன், ஒன்று எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து இன்றுவரை, கல்யாணமோ சாவோ, எந்த வீட்டில் பார்த்தாலும் டீச்சர்தான்.

என் கணவருக்கு இதெல்லாம் தெரியாது. தம்பி சொந்தத் தொழிலில் தோற்றதற்குக் காரணம் அவனுடைய அசட்டை என்றே நம்புகிறார். பலகை மட்டமான பலகை என்று தம்பிக்குப் பரிந்து யாராவது பேச்செடுத்தால், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்பார். நான் அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன்.

இந்த ஆண்டு நான் பணி ஓய்வு பெற்றேன். பள்ளிக்கூடத்திலிருந்தும் வீட்டிலிருந்தும் சேர்ந்த புத்தகங்களுக்குச் சுவரில் தட்டு அடிக்க வேண்டும். கணவர் யாரிடமும் கேட்காமல் தம்பியை வரச் சொன்னார், பலகையையும் அவரே வாங்கிப் போட்டிருந்தார். அதே எம்.டி.எஃப். கனமாக இருக்கிறதாம்.

போன மாதம் ஒரு காலையில் கொழுந்தன் வந்தான். தலை நன்றாக நரைத்துவிட்டது. "எப்படி இருக்கீங்க டீச்சர்?" என்று கேட்டுவிட்டு வேலையில் இறங்கினான். யாரிடமும் அபிப்பிராயம் கேட்கவில்லை. ஈரச்சுவரா என்று கையை வைத்துப் பார்த்தான். இரண்டடிக்கு ஒரு தாங்கல் வைத்தான். ஒவ்வொரு பலகையின் அடியிலும் முன்னால் ஒரு ரீப்பர், பின்னால் ஒரு ரீப்பர், பசை தடவி கிளாம்ப் போட்டு இறுக்கி, காயும்வரை உட்கார்ந்திருந்தான். நான் கொண்டுபோன டீயை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

கணவர் வந்து ஒரு பலகையைக் கையால் அமுக்கிப் பார்த்தார். "ஏம்பா, இதாவது விழாம இருக்குமா?" என்று சிரித்தார்.

கொழுந்தன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான். அண்ணனைப் பார்த்தே பதில் சொன்னான், என் பக்கம் திரும்பவில்லை. "ரீப்பர் ஒட்டிட்டேன்ண்ணா. இனிமே இதை யாரும் திருப்பிப் போட முடியாது."

"அதை எதுக்குடா திருப்பப் போறாங்க?" என்றார் கணவர்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். என் பணிக்காலமும் முடிந்துவிட்டது, பெரிய சாரும் போய்ச் சேர்ந்துவிட்டார், என்னிடமிருந்து பறிக்க யாருக்கும் எதுவும் இல்லை. வாயைத் திறந்தேன். "டீ ஆறுது தம்பி" என்றுதான் வந்தது. அவன் எடுத்துக் குடித்தான், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாமான் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தட்டுகள் நேராக நிற்கின்றன. இதை அந்தத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நேரில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன், அச்சில் வந்தால் என் கணவர் படித்துத் தெரிந்துகொள்வார். அன்றைக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியவில்லை. கொழுந்தனுக்கு வாசிக்கிற வழக்கம் கிடையாது, யாராவது படித்துக் காட்டினால்தான் உண்டு. காட்ட வேண்டியதில்லை. அவனுக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை.