முழுக்கை ரவிக்கை

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் ஒரு மிஷன் பள்ளியில் நான் டீச்சர். பள்ளியை ஒட்டிச் சிறிய ஜெபவீடு, இருபது குடும்பம். அதை நடத்திய உபதேசியாருக்குக் கணீரென்ற குரல். அவர் மனைவி சித்திரை மாதத்திலும் முழுக்கை ரவிக்கைதான் போடுவாள். "மலைக் குளிரு ஒத்துக்கல டீச்சர்" என்பாள்.

ஒருநாள் கிணற்றடியில் அவள் குடத்தைத் தூக்கும்போது ரவிக்கையின் கை மேலே ஏறிவிட்டது. நாலு விரல் பதிந்த நீலத் தடம். சட்டென்று இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் கிணற்றுக் கயிற்றைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்கத் துணிவில்லை. கோழை, வேறென்ன? கேட்க வேண்டியதை வீட்டுக்கு வந்து கதையாக எழுதினேன்.

திருச்சபையின் மாதப் பத்திரிகைக்கு முன்பு ஒரு கதை அனுப்பியிருந்தேன். ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்கிறார்கள், முகம் சுளிக்கும்படி எதுவும் வேண்டாம் என்று ஒரு குறிப்பு. அதுவும் நியாயம்தான். பச்சையாகவும் எழுதக்கூடாது, பொய்யும் எழுதக்கூடாது. அடி, ரத்தம், அலறல் எல்லாவற்றையும் நீக்கினேன். ஊரைக் கடலோரமாக்கி, கணவனைப் படகுக்காரனாக்கி, புனைபெயரில் அனுப்பினேன். உள்ளபடியே விட்டது ஒரே வரி. வெயில் கொளுத்திய அன்றும் அவள் முழுக்கை ரவிக்கையோடுதான் ஆலயத்துக்கு வந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

எங்கள் சபையில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. ஆராதனை முடிந்ததும் பத்திரிகைக் கதையை உபதேசியார் உரக்க வாசிப்பது வழக்கம். எழுதும்போது அது எனக்கு உறைக்கவே இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

அந்த ஞாயிறு அவர் சொன்ன தலைப்பு என் கதையுடையது. முன்கூட்டிப் படித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. மனைவிதான் யாரிடமோ சொல்லி எழுதவைத்திருக்கிறாள் என்று நினைப்பார். வீட்டுக்குப் போனதும் அவள் கதி என்ன? ஆண்டவரே, மழை கொட்டட்டும், அவர் தொண்டை கட்டட்டும் என்று வேண்டினேன். வெளியே வெயில் நன்றாக அடித்தது. அவர் பக்கத்தைத் திருப்பினார்.

அந்த வரி வந்தது. குரல் நின்றது. ஒரு கனைப்பு. பிறகு அடுத்த வரியிலிருந்து தொடர்ந்தார். அப்பாடா என்று மூச்சு விடப்போனேன், முடியவில்லை. புரிந்துகொண்டதால்தானே தாண்டினார்?

"நடுவுல ஒரு வரி வுட்டுட்டீங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து அவள். முந்தின நாள் பஸ்ஸிலிருந்து பத்திரிகையை வாங்கி வந்தவளே அவள்தான். படித்திருக்கிறாள்.

"படிங்க. எல்லாரும் இருக்கறப்பவே படிங்க."

படித்தார். அந்தக் குரல் கடைசி வரிசைக்கு எட்டவில்லை. ஆனால் பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலைக்காரப் பெண்ணுக்குக் கேட்டுவிட்டது. "கைய காட்டும்மா" என்றாள்.

அவள் மணிக்கட்டுக் கொக்கியைக் கழற்றினாள். கணவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"டீச்சர், இப்பவாவது வந்து பாருங்க."

எழுந்து போனேன்.