நொத்தாரிசின் முன்னறை

பிரெஞ்சுத் தலைநகரின் ரூ லூயி-பிளாங் தெருவில், பத்திரங்கள் நிரப்பிக் கொடுக்கும் கடையில் என் சீதனக் காணியின் உறுதிப் பத்திரத்தை விரித்ததும், பழைய கடதாசியும் மையும் கலந்த மணம் எழுந்தது. எனக்கு ஏதும் ஆகுமுன் காணியை மகளுக்கு எழுதிவிடலாம் என்று அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

யாழ்ப்பாணக் கோட்டைக்கு அருகே, உறுதி எழுதும் நொத்தாரிசின் முன்னறையிலும் இதே மணம்தான். இன்று அந்த அறையும் இல்லை, அந்தத் தெருவும் இல்லை. பள்ளி விட்டதும், அங்கே எழுத்தராக இருந்த அப்பாவுக்காகக் காத்திருப்பேன். தட்டச்சின் ஓயாத சத்தம், காய்ந்த கோந்துப் போத்தல், மை தடவிய பெருவிரலைத் தலையில் துடைக்கும் கிழவர்கள், தனியே வரும் பெண்களிடம் நொத்தாரிசு நிமிராமலே கேட்கும் ஒரே கேள்வி: “புருசன் எங்கை, பிள்ளை?”

யாழ்ப்பாண வழமைப்படி, புருசன் சம்மதிக்காமல் பெண் தன் காணியைக் கொடுக்க முடியாது.

“எங்கடை வழமையைச் சட்டமா எழுதுவிச்சது அந்தக் காலத்திலை எங்களை ஆண்ட ஒல்லாந்தன்,” என்று அப்பா சிரிப்பார். “ஆள் போயிட்டான். சட்டம் இன்னும் கதிரையிலை இருக்குது.”

கடைக்காரரும் என் கணவரைப் பற்றித்தான் கேட்டார்: “அண்ணை ஒப்பம் வைப்பாரோ, அக்கா? இல்லாட்டி மரணச் சான்றிதழ் வேணும்.”

என் கணவர் வன்னியில், போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். அந்தச் சான்றிதழை எடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். எடுத்துவிடலாம் அம்மா என்று மகளும் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னாள்.

“அவர் இருக்கிறார் எண்டு போடுங்கோ, தம்பி.”

“அப்ப அவர் ஒப்பம் வைக்காமல் எழுதேலாது, அக்கா.”

“ஓம்,” என்றேன்.